பெரியவரை ஒரே பக்கமாகப் படுக்க விடாதப்பா

ஜூன் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. பதிவுத் தபால் என்றால் கையெழுத்துப் போட்டாவது வாங்கித்தானே ஆக வேண்டும் என்று இந்த வழிக்கு வந்தேன். இங்கே ஆண்டவன் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை. மாமாவுக்கு முதுகுக்குத் தலையணை கொடுத்தால் இப்போது சாய்ந்து உட்காருகிறார். மகள் எப்படி இருக்கிறாள் என்று உன்னைப் பற்றித்தான் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய்யாக்கிவிடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் சேர்ந்து மொழிபெயர்த்த அந்த மலைப்பாதை கம்ப்யூட்டர் விளையாட்டு புதுப்பித்து வரப்போகிறது என்று உன் அண்ணன் சொன்னார். அப்படி வரும்போது, கழுதைக்கு நான் எழுதிய வரிகளை எடுத்துவிடு. வேறு எதையும் நான் கேட்கவில்லை.

போன வருஷம் நடந்ததை நான் ஊதிப் பெரிதாக்கவில்லை. கேம் மொழிபெயர்க்கிறவர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவை கூடுகிறோம், நீங்களும் வாங்க அண்ணி என்று அழைத்தவள் நீ. சமையலறையில் உட்கார்ந்து வேலை செய்கிற என்னையும் ஒரு ஆளாக மதித்தாயே என்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டுதான் வந்தேன். அங்கே ‘தப்பு மேடை’ என்று ஒன்று உண்டு, அவரவர் செய்த தப்பை அவரவரே திரையில் போட்டுக் காட்டிச் சிரிக்க வேண்டும், அடுத்தவர் தப்பைத் தொடக் கூடாது, அது ஒன்றுதான் சட்டம் என்று சொன்னவளும் நீதான். அப்புறம் நீயே மேடையேறி என் வரிகளைப் போட்டாய். ஒரு கழுதையை மாமனாராக நினைத்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார் பாருங்கள் என்றாய். கூடம் முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய்.

மொழிபெயர்க்க எனக்கு வந்த ஷீட்டில் படம் கிடையாது. ‘நரைத்த கிழவர்’ என்று மட்டும் இருந்தது. அதற்கு நாலு கால் என்று யார் கண்டது?

வேலை கற்றுத்தந்தவள் நீ. நன்றி மறந்தால் எனக்கு ஆகாது. உன் பேரில் என் கணக்கில் வரவுதான் அதிகம், இது ஒன்றுதான் பற்று. அந்த வரிகளை எடுத்துவிட்டால் அதுவும் நேராகிவிடும்.

உன் அண்ணி

ஜூன் 13

அண்ணிக்கு,

கடிதம் கிடைச்சது. கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினேன். நீங்க ஜெயிச்சீங்க.

சட்டத்தைப் பத்திப் பேசுவோம். கழுதையைத் தாத்தான்னு நினைச்சது நீங்க. நினைச்சது சரின்னு டிக் போட்டு அனுப்பினது நான். எனக்கு ஆபீஸ்ல படம் இருந்தது, ஒரு தடவை திறந்து பார்த்திருந்தா போதும். பார்க்கலை. அப்போ அது யாரோட தப்பு? என் தப்பைத்தான் மேடையில போட்டேன். மைக்கம்மாகூட அப்படித்தான் சொன்னாங்க. (ஞாபகம் இருக்கா, கூடுகையை நடத்துறவங்க, மைக்கைக் கையில வாங்கினா கொடுக்கவே மாட்டாங்களே, அவங்கதான்.)

நீங்க திட்டியிருக்கலாம். எழுந்து வந்து என் காதைத் திருகியிருக்கலாம், அண்ணிக்கு அந்த உரிமை உண்டு. வாயைத் திறக்காம, சாப்பிடாம, இடைவேளையில கிளம்பிப் போயிட்டீங்க. உங்க சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஓடி வந்தேன். பஸ்ஸோட முதுகுதான் தெரிஞ்சது. அதையும் உங்க கணக்குல எழுதிக்கோங்க.

வரிகள் போயிடும், கவலைப்படாதீங்க. திருத்த வேண்டியவைன்னு ஏற்கனவே குறிச்சிருக்கு. ஆனா ஒரு தொந்தரவு. விளையாடுறவங்க அந்தக் கழுதையை விட மாட்டேங்கறாங்க. நம்ம மொழியில விளையாடுற யாருமே அதைக் கழுதைன்னு சொல்றதில்லை, ‘பெரியவர்’னுதான் சொல்றாங்க. அதை வழியில விட்டுட்டு வேகமா மலையேறவும் கேம்ல வழி இருக்கு. மத்த மொழிக்காரங்க பாதிப் பேர் விட்டுட்டுத்தான் போறாங்களாம். நம்ம ஆட்கள் விடறதில்லை. ‘பெரியவரை மாத்தினீங்கன்னா நான் மலையே ஏற மாட்டேன்’னு ஒருத்தர் கம்பெனிக்கு எழுதியிருக்கார்.

அதனால ஒரு கேள்வி. மூலத்துல இருந்தது நாலே நாலு கட்டளை. துடை, தண்ணீர் காட்டு, பக்கம் மாற்று, ஓய்வு கொடு. பக்கம் மாற்றறதுன்னா சுமையை இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் மாத்திக் கட்டறது. அந்த நாலுக்கும் நீங்க எழுதினது இது:

‘காதுக்குப் பின்னால் மறக்காமல் துடைத்துவிடப்பா, வியர்வை அங்கேதான் தங்கும். தண்ணீரை ஒரேயடியாகக் கொடுத்துவிடாதே. உதட்டை நனைத்துவிட்டு அவர் கேட்கும்வரை பொறு. பெரியவரை ஒரே பக்கமாகப் படுக்க விடாதப்பா, புண் வந்துவிடும். தூங்கிவிட்டார் என்று நினைத்துப் பக்கத்தில் நின்று குறை பேசாதே. அவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.’

இதையெல்லாம் எங்கேர்ந்து எடுத்தீங்க?

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

ஜூன் 21

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாத்தனார் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. பரவாயில்லை.

கேட்டாய், சொல்கிறேன். இதை நீ அன்றைக்கே கேட்டிருந்தால் பஸ் ஏறியிருக்க மாட்டேன்.

அந்த ஷீட் வந்தது மாமா குளியலறையில் விழுந்த மாதம். நீ வந்து பார்த்துவிட்டு, வேலை இருக்கிறது என்று மறுநாளே கிளம்பினாய். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உன் சம்பளத்தில்தான் அவருக்கு அந்த ஏற்றி இறக்கும் கட்டில் வந்தது. அதில் அவரைப் படுக்கவைக்கும்போதெல்லாம் உன்னை வாழ்த்துகிறேன். நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே முக்காலியைப் போட்டு வேலை செய்தேன். வேதத்தை நம் மொழியில் ஒரு கையிலும் விளையாட்டின் மூல மொழியில் மறு கையிலும் வைத்துப் படித்து அந்த மொழியைக் கற்றுக்கொண்டவள் நான். எனக்கு எதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். ஒரு பக்கம் ஷீட், ஒரு பக்கம் மாமா.

ஷீட்டின் ஓரத்தில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது: ‘வீட்டுக்காரி கிழவரை வழிப்போக்கனிடம் ஒப்படைக்கிறாள். அன்பாக இருக்கட்டும், நீளம் பார்க்க வேண்டாம்.’ ஐயோ, வீட்டுப் பெரியவரை முன்பின் தெரியாதவனிடம் ஒப்படைக்கிறாளே, அவளுக்கு என்ன கஷ்டமோ என்று நினைத்தேன். நானாக இருந்தால் என்ன சொல்லி அனுப்புவேன் என்று யோசித்தேன். யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மாமாவுக்குத் துடைத்துவிட்டு வந்து துடைப்பதை எழுதினேன். திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வந்து திருப்புவதை எழுதினேன். கடைசி வரியும் அப்படித்தான். அவர் தூங்குகிறார் என்று நினைத்து, வந்திருந்த ஒரு உறவுக்காரர் கட்டிலோரம் நின்று ஏதோ சொல்லிவிட்டார். இரண்டு நாள் மாமா வாயே திறக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வழிப்போக்கனுக்கு முகம் இல்லாமல் எனக்கு எழுத வரவில்லை. அதனால் அந்த இடத்தில் உன்னை நிறுத்திக்கொண்டேன். எனக்கு ஒன்று என்றால் அவரை யாரிடம் கொடுப்பேன்? உன்னிடம்தானே. அதெல்லாம் உனக்குச் சொன்னது, பாப்பா.

அதைத்தான் நீ மேடையில் போட்டாய்.

இப்போது கோபம் இல்லை. எழுதியதும் போய்விட்டது. ஆண்டவனுக்கு நன்றி.

அண்ணி

ஜூலை 1

அண்ணி,

மூணு தாளைக் கிழிச்சாச்சு.

உங்க கடிதத்தைப் படிச்சிட்டு அந்த கேமை எடுத்து விளையாடினேன். நம்ப மாட்டீங்க, சரிபார்த்த நான் அதை ஒரு தடவைகூட முழுசா விளையாடினது கிடையாது. எங்க தொழில் அப்படி. சமைக்கறவன் சாப்பிட மாட்டான். மலைமேல பனி பெய்யற இடத்துல கழுதை படுத்துடுச்சு. உங்க வரி திரையில வந்தது, ஒரே பக்கமாப் படுக்க விடாதப்பான்னு. எனக்குக் கழுதை தெரியலை.

வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அப்பா ரூம் வாசப்படியிலயே நின்னு ‘எப்படிப்பா இருக்கீங்க’ன்னு கேட்டுட்டுப் போயிடுவேன். நீங்க பார்த்திருப்பீங்க. ஒண்ணும் சொன்னதில்லை. அவரைத் தொட எனக்குப் பயம் அண்ணி. எங்கே தொட்டா வலிக்கும்னு தெரியாது. கேட்கவும் வெட்கம். சொந்த அப்பாவைப் பார்த்துக்கறது எப்படின்னு யார்கிட்ட கேட்கறது? கடைசியில எனக்கு அதைச் சொல்லித்தர ஒரு கழுதை வர வேண்டியிருந்தது.

இனி வேலை. வரிகளை எடுக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொன்னேன். கேம் கம்பெனி மேலாளர் நல்ல மனுஷன்தான், ஆனா தப்புன்னு குறிச்சதைத் தப்பாவே விடறதுக்கு ஒரு காரணம் வேணுமாம். இந்த வருஷக் கூடுகைக்கு அவரும் வர்றார். அங்கே அத்தனை மொழிபெயர்ப்பாளர் முன்னாடி பேசி முடிவு பண்ணலாம்னு சொல்றார். தப்பு மேடைக்கு ஒரே ஒரு சட்டம்தான். இந்தத் தடவை நான் ஏறக் கூடாது. நீங்கதான் ஏறணும்.

வேண்டாம், எடுத்துடுன்னு இப்பவும் சொன்னீங்கன்னா எடுத்துடறேன். அது உங்க எழுத்து. இனிமே உங்களைக் கேட்காம ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன்.

பாப்பா

ஜூலை 9

அன்புள்ள பாப்பா,

உன் கடிதத்தை மடித்து வேதத்துக்குள் வைத்திருக்கிறேன். பாப்பா என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாயே, அதற்காக.

மாமாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். எத்தனை நாளுக்கு மறைப்பது? கழுதை என்று தெரியாமல் உங்களை நினைத்து எழுதிவிட்டேன் மாமா, மன்னித்துவிடுங்கள் என்றேன். “எனக்கே ஏழு கழுதை வயசாச்சு. இதுல ஒண்ணு கூடினா என்ன, குறைஞ்சா என்ன” என்றார். அப்புறம், “அந்தக் கழுதை மலை ஏறிடுச்சா?” என்று கேட்டார். ஏறிவிடும் மாமா, பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் ஏறிவிடும் என்றேன். “அப்போ வரியை எடுக்க வேண்டாம்னு சொல்லு” என்றார். அவர் சொல்லிவிட்டார், எனக்கும் மறுபேச்சு இல்லை. வரிகள் இருக்கட்டும்.

ஆனால் மேடைக்கு நான் எப்படி வருவது? உன் அண்ணனுக்கு ஷிப்ட் வேலை, அதிலும் அவருக்கு இடுப்பு வலி. இந்த வீட்டில் மாமாவைத் திருப்பிப் படுக்கவைக்க இரண்டு பேரால்தான் முடியும். ஒன்று நான், இன்னொன்று ஆண்டவன். அவனுக்கு வேறு வேலையும் இருக்கிறது. நீயே எனக்காகப் பேசு. உன்மேல் நம்பிக்கை இருக்கிறது. சட்டத்தில் ஏதாவது ஓட்டை இருந்தால் மைக்கம்மாவிடம் கேட்டுப் பார்.

அண்ணி

ஜூலை 17

அண்ணி,

மைக்கம்மா ஓட்டையெல்லாம் கிடையாதுன்னுட்டாங்க. அதனால மூணாவது ஆள் வர்றேன்.

இதோட டிக்கெட் வெச்சிருக்கேன். நீங்க இங்கே வரீங்க, நான் அங்கே போறேன். கூடுகைக்கு நான் போகாம இருக்கறது இதுதான் முதல் தடவை. கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப் போடறதுலேர்ந்து திரை கட்டறது வரைக்கும் என் வேலை. போன வருஷம் நீங்க உட்கார்ந்த நாற்காலிகூட நான் துடைச்சு வெச்சதுதான். இந்தத் தடவை வேற ஒருத்தர் துடைக்கட்டும், எனக்கு வேற இடத்துல துடைக்கற வேலை இருக்கு. திருப்பிப் படுக்கவைக்கறதை ஆஸ்பத்திரி நர்சம்மாகிட்ட போய்க் கேட்டு, அவங்க மகனைப் படுக்கப்போட்டு ரெண்டு நாள் பழகினேன். பாவம், அவன் நல்லாவே நடக்கறவன்.

என் ரூமை உங்ககிட்ட ஒப்படைக்கறேன். வீட்டுக்காரி நான் சொல்றதைக் கேட்டுக்கோங்க. சாவி எதிர்வீட்டு அக்காகிட்ட. குழாயைத் திறந்தா முதல்ல இருமும், பயப்படாதீங்க, பொறுத்தா தண்ணி வரும். ஜன்னலை ஒரே பக்கமாத் திறந்து வைக்காதீங்க, காத்து அடிச்சா கண்ணாடி போயிடும். எனக்குச் சமையல்னா டீ போடற ஒரு பாத்திரம்தான், சிரிக்காதீங்க. ஷெல்ப்ல மேல்தட்டுல ஒரு டப்பா இருக்கும். போன வருஷம் நீங்க விட்டுட்டுப் போன டப்பாதான். கழுவித்தான் வெச்சிருக்கேன். அதுல சாப்பாடு போட்டு எடுத்துக்கிட்டு கூடுகைக்குப் போங்க. இந்தத் தடவை சாப்பிடாம கிளம்பக் கூடாது.

அப்பாவுக்கு எப்பெப்போ மருந்துன்னு எழுதி வெச்சிட்டு வாங்க. மத்தது எனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்துட்டீங்களே.

பாப்பா

ஆகஸ்ட் 5

அன்புள்ள பாப்பா,

உன் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் மாமா பக்கத்தில் இருக்கும்போது நீ சத்தமாகப் பேச மாட்டாய், எனக்கும் கடிதம் பழகிவிட்டது. குழாய் இருமியது. பொறுத்தேன். வந்தது.

கூடுகை முடிந்தது. முதலில் நன்றி சொல்ல வேண்டியவர்களைச் சொல்லிவிடுகிறேன். வாசலில் நின்று என் பேரைக் கேட்காமலே “பெரியவர் அண்ணிதானே?” என்று உள்ளே கூட்டிப் போன பெண்ணுக்கு. மைக்கை எனக்காக ஒரு நிமிஷம் கையிலிருந்து இறக்கிய மைக்கம்மாவுக்கு. அப்புறம் அந்தப் பூச்சிக்கு. பிழையை ‘பக்’ என்பார்களாம், அதைப் பிடிக்கிறவர் என்பதால் பூச்சி என்று கூப்பிடுகிறார்களாம், நல்ல பிள்ளையை. அந்தக் கழுதை வரிகளை முதன்முதலில் பிழை என்று எழுதிக்கொடுத்தவரே அவர்தான். மனு வாபஸ் என்று எல்லோர் முன்னாலும் எழுந்து சொன்னார்.

பிரார்த்தனை பண்ணிக்கொண்டுதான் மேடையேறினேன். திரையில் கழுதை படத்தைப் போட்டார்கள். இப்போதுதான் அதன் முகத்தைப் பெரிதாகப் பார்க்கிறேன். “இவர்தான் நான் மாமனார் என்று நினைத்தவர்” என்றேன். போன வருஷம் மாதிரியே கூடம் சிரித்தது. இந்தத் தடவை நானும் சிரித்தேன். அதற்கு நிஜமாகவே மாமாவின் புருவம், பாப்பா. அப்புறம் எங்கே உட்கார்ந்து எழுதினேன் என்று சொன்னேன், வரிகளைப் படித்தேன். அவ்வளவுதான். அழவைக்கும்படி எதுவும் பேசவில்லை. பின்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போய் யாருக்கோ போன் பண்ணினார்.

மேலாளர் காரியக்காரர். “வரிகள் அழகுதான் அம்மா. ஆனால் பட்டனுக்குள் அடங்கவில்லையே, பாதி எழுத்து வெளியே தொங்குகிறது” என்றார். நியாயம்தான். மைக்கம்மா, பூச்சி, நான் எல்லோருமாக உட்கார்ந்து பேசினோம். பட்டனில் துடை, பக்கம் மாற்று என்று சின்னதாகப் போட்டுக்கொள்வது. வரிகளை வீட்டுக்காரி வாசலில் நின்று சொல்வதாக முன்னால் வைத்துவிடுவது. கழுதை படுக்கும்போது மட்டும் மறுபடி அந்த வரி வருவது. பேர் பெரியவர் என்றே இருக்கும். மேலாளர் ஒப்புக்கொண்டு எழுதி வாங்கிக்கொண்டார். இப்படி ஒரு வார்த்தையைச் சுற்றி இத்தனை பேர் உட்கார்ந்து, என்னையும் சரிக்குச் சமமாகக் கேட்டது இதுவரை நடந்ததில்லை. இந்தக் கூட்டத்துக்கு நீ என்னைக் கொண்டுவந்தாய். போன வருஷம் கொண்டுவந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சிறந்த தப்புக்கு வருஷா வருஷம் கொடுக்கிற பரிசு எனக்குத்தான். பல் போன கீபோர்டு. பாதி எழுத்து இல்லை. மாமாவிடம் காட்ட வேண்டும்.

டப்பாவில் கொண்டுபோனதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

திரும்புகிற டிக்கெட்டை ஏன் இவ்வளவு தள்ளிப் போட்டு எடுத்தாய்? மாமா எப்படி இருக்கிறார்? அதை முதலில் எழுது.

அண்ணி

ஆகஸ்ட் 8

அண்ணி,

அப்பா நல்லா இருக்கார். முதல்லயே எழுதிட்டேன்.

பரிசு கிடைச்சதை மைக்கம்மா உங்களுக்கு முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க, முக்கால் மணி நேரம். கேட்டுட்டு சமையலறையில தனியா நின்னு சிரிச்சேன். கொஞ்சம் அழுதேன். வெங்காயம்னு அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன்.

முதல் நாள் பயந்துக்கிட்டேதான் உள்ளே போனேன். வாசப்படியில நிக்காம நேரா கட்டில்கிட்ட போனேன். காதுக்குப் பின்னால துடைச்சேன். “உங்க அண்ணி இன்னும் கொஞ்சம் மெதுவாத் துடைப்பா”ன்னார். ரெண்டாவது நாள், “பரவாயில்ல, பழகுது”ன்னார். பழகறது கழுதையா நானான்னு கேட்கலை. கடைசி வரியை நான் மறந்துட்டேன். தூங்கறார்னு நினைச்சு அண்ணன்கிட்ட, ‘அப்பா ரொம்ப இளைச்சுட்டார்’னு மெதுவாத்தான் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே, “இளைச்சா உனக்கு நல்லதுதானே, தூக்கறதுக்கு சுலபம்”னார். நீங்க எழுதினது எல்லாமே சரி. ஒரு எழுத்து மாத்த வேண்டியதில்லை. சரிபார்த்தவள் சொல்றேன், இந்தத் தடவை நிஜமாவே பார்த்துட்டுத்தான் சொல்றேன்.

ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு அண்ணி. பக்கம் மாத்திப் படுக்கவைக்கும்போது அப்பா நம்ம கையைப் பிடிச்சுக்கறார். திரும்பி முடிச்சதுக்கு அப்புறமும் விடறதில்லை. நேத்து அப்படிப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டார். அடுப்புல பால் இருந்தது. பொங்கற வாசனை வந்தது, தீயற வாசனையும் வந்தது. நான் எழுந்துக்கவே இல்லை. அண்ணன் ஓடி வந்து அணைச்சார்.

இதை ஏன் எழுதாம விட்டீங்கன்னு நாள் முழுக்க யோசிச்சேன். நீங்க எதையும் விடற ஆள் இல்லை. வேலையைத்தான் எழுதணும், கூலியை எழுதக் கூடாதுன்னு விட்டுட்டீங்களோ?

டிக்கெட்டைத் தள்ளிப் போட்டது இதுக்குத்தான்னு போடும்போது எனக்கே தெரியாது. இன்னும் ஒரு வாரம் இருந்துட்டு வாங்க அண்ணி. பால் பாத்திரத்தை ரெண்டு தடவை தேய்ச்சாச்சு, அடியில இன்னும் கறுப்பு இருக்கு. நீங்க வர்றதுக்குள்ள போயிடும்.

பாப்பா